முரசு வருத்தம்: பாமசிக்கு வந்து கேட்கிற கேள்விகள்

வன்னியில், ஏ9 வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே, ஒரு சின்னப் பாமசி நடத்துகிறேன். கன்னத்தைப் பொத்திக்கொண்டு வருகிறவர்கள் அனேகமாக ஒரே வசனத்தோடுதான் வருவார்கள்: "இதுக்கொரு குளிசை தாங்கோ." குளிசையைச் சுத்திக் கொடுப்பதை விட நாலு கேள்விக்குப் பதில் சொல்லி அனுப்புவது பலருக்குப் பிரயோசனப்பட்டிருக்கிறது. அதனால் முரசு (ஈறு) வருத்தம் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே இங்கே சேர்த்திருக்கிறேன். நான் மருந்தாளர், பல் வைத்தியர் இல்லை. பதில்களைப் பல் வைத்தியர் ஒருவரிடம் வாசிக்கக் கொடுத்துத்தான் போடுகிறேன்.

முரசு வருத்தம் எண்டா என்ன? சூத்தைப் பல்லும் இதுவும் ஒண்டுதானே?

இல்லை. சூத்தை பல்லையே அரிக்கும். முரசு நோய் பல்லைத் தாங்கி நிற்கிற முரசையும் தாடை எலும்பையும் அரிக்கும். ஒரு சூத்தைகூட இல்லாத வெள்ளைப் பல்லு ஆடி விழுவது இதனால்தான்.

தொடக்கம் பல்லில் படிகிற படலம். காலையில் எழும்பியதும் பல்லை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், வெள்ளையாக வழுவழுவென்று வரும். பார்க்கச் சாப்பாட்டு மிச்சம் மாதிரி இருந்தாலும் அது உயிரோடிருக்கிற கிருமிக் கூட்டம். முரசு விளிம்பில் அது தங்கினால் உடம்பு அதோடு மல்லுக்கட்டும். முரசு சிவக்கும், வீங்கும், தொட்டால் இரத்தம் வரும். இது முதற் படி. சுத்தம் செய்தால் முழுதாக மாறிவிடும்.

விட்டுவிட்டால் சிலருக்கு அந்த அழற்சி கீழே இறங்கும். முரசு பல்லிலிருந்து கழன்று நடுவில் ஒரு பள்ளம் விழும், உள்ளே எலும்பு கரையத் தொடங்கும். இது இரண்டாம் படி. கரைந்த எலும்பு தானாகத் திரும்பி வளராது. கதியாலைச் சுற்றியிருந்த மண்ணை மாரி வெள்ளம் அரித்துக்கொண்டு போன மாதிரித்தான்: கதியாலில் குறை ஒன்றும் இல்லை, ஆனால் வேலி சாயும்.

பல்லுத் தீட்டேக்க ரத்தம் வருது, ஆனா நோ ஒண்டும் இல்லை. நோகாத வருத்தத்துக்கு ஏன் டொக்டரிட்டப் போவான்?

நோகாததுதான் இந்த வருத்தத்தில் இருக்கிற பெரிய கெடுதி. சூத்தைப் பல்லு இரவு நித்திரையைக் கெடுத்து உங்களை ஆஸ்பத்திரிக்குத் துரத்தும். முரசு நோய் வருடக்கணக்காகச் சத்தமில்லாமல் எலும்பைக் கரைத்துவிட்டு, பல்லு ஆடும்போதுதான் தன்னைக் காட்டும். கையைக் கழுவும்போது ஒவ்வொரு நாளும் இரத்தம் வந்தால் சும்மா இருப்பீர்களா?

வீட்டிலேயே பார்க்கலாம். போனில் டோர்ச்சைப் போட்டு, கண்ணாடிக்கு முன்னால் கீழ் உதட்டை இழுத்துப் பிடியுங்கள். முன்பல்லுகளின் உட்பக்கத்தில், முரசோடு ஒட்டி, மஞ்சளாகவோ மண்ணிறமாகவோ ஒரு கரை கட்டியிருந்தால் அது காரை, நீங்கள் சொல்லுகிற "கல்லு". முரசு பல்லுக்கு நடுவில் கூராக, இறுக்கமாக இருக்க வேண்டும். உருண்டு மினுமினுத்தால் வீக்கம். முரசு கறுப்பாக இருக்கிறதே என்று பயந்து வருகிறவர்களும் உண்டு. எங்கள் ஆட்களில் பலருக்கு முரசில் கறுப்பு நிறம் இயல்பாகவே இருக்கும், அது வருத்தம் இல்லை.

ரத்தம் வாற பக்கத்தைக் கொஞ்ச நாள் தீட்டாமல் விட்டா ஆறிடும்தானே?

ஆறாது, வருத்தம் கூடத்தான் செய்யும். அனேகமானவர்கள் செய்வது இதைத்தான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஹரால்ட் லோ என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் டென்மார்க்கில் செய்து 1965இல் வெளியிட்ட ஒரு ஆய்வு இருக்கிறது. நல்ல முரசு உள்ள ஆட்களைப் பல்லுத் தீட்ட வேண்டாம் என்று நிறுத்தி வைத்தார்கள். 10 முதல் 21 நாளுக்குள் எல்லோருக்கும் முரசு வீங்கி இரத்தம் கசிந்தது. திரும்பத் தீட்டத் தொடங்கியதும் ஒரு கிழமை அளவில் பழையபடி ஆறிவிட்டது.

ஆகவே இரத்தம் வருகிற இடம்தான் கூடக் கவனமாகத் தீட்ட வேண்டிய இடம். மென்மையான பிரஷ்ஷால், அமத்தாமல். முதல் நாலைந்து நாள் இரத்தம் வரும், வரட்டும். ஒழுங்காகத் தீட்டி இரண்டு கிழமை போயும் நிற்காவிட்டால், உள்ளே காரை இருக்கிறது அல்லது வேறு காரணம் இருக்கிறது. அதற்குப் பிறகு வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்த வேண்டாம்.

காலமை ஒருக்காத் தீட்டினாக் காணாதோ? எப்பிடித் தீட்டிறது?

காணாது. ஒரு நாளைக்கு இரண்டு தரம், இரண்டு நிமிடம். இரண்டில் முக்கியமானது இரவுத் தீட்டல்தான், ஏனென்றால் நித்திரையில் உமிழ்நீர் குறையும், கிருமிக்கு வாய்ப்பான நேரம் அது. இரவு தீட்டினபிறகு தேத்தண்ணி குடிக்கக் கூடாது என்று சொன்னதும் முகம் சுருங்குகிறவர்கள்தான் அதிகம். வெறுந்தண்ணி குடிக்கலாம்.

பிரஷ்ஷைப் பல்லுக்கு நேரே வைக்காமல், முரசும் பல்லும் சேருகிற இடத்தில் சாய்த்து, 45 பாகையளவில் வையுங்கள். அந்த இடத்திலேயே மெல்ல அசைத்துவிட்டு, முரசிலிருந்து பல்லின் நுனிப்பக்கமாகத் தள்ளுங்கள். வாள் அறுக்கிற மாதிரி குறுக்கே இழுத்தால் முரசு இறங்கி, பல்லின் அடியில் வெட்டு விழுந்து, குளிர்ந்த தண்ணி பட்டதும் கூசும். கொடுப்புப் பல்லின் உட்பக்கமும் கீழ் முன்பல்லின் உட்பக்கமும்தான் எல்லோரும் விட்டுவிடுகிற இடங்கள். பிரஷ் மூன்று மாதத்துக்கு ஒன்று. நார் வெளியே விரிந்து நிற்கிற பிரஷ்ஷோடு ஒரு வருடம் ஓட்டுகிறவர்கள் அதற்கு முதலே மாற்ற வேண்டும். கடையில் "ஹாட்" என்று கேட்டு வாங்காதீர்கள், "சொஃப்ட்" என்று கேளுங்கள்.

எங்கட கிணத்துத் தண்ணி சரியான கல்லுத் தண்ணி. கேத்தில்லயே வெள்ளையாப் படியுது. பல்லில கல்லுக் கட்டுறதும் அதாலதானே?

நியாயமான சந்தேகம், ஆனால் காரணம் அது இல்லை. பல்லில் காரை கட்டுவதற்கான கல்சியமும் பொஸ்பேற்றும் முக்கியமாக உங்கள் உமிழ்நீரிலிருந்தே வருகின்றன. தீட்டாமல் விட்ட படலத்தில் அவை ஊறி, சில நாட்களுக்குள்ளேயே இறுகத் தொடங்கும். கீழ் முன்பல்லின் உட்பக்கத்திலும் மேல் கொடுப்புப் பல்லின் கன்னப்பக்கத்திலும் காரை கூடக் கட்டுவது ஏன் என்று பார்த்தால் விளங்கும்: உமிழ்நீர்ச் சுரப்பிகள் திறக்கிற இடங்கள் அவைதான். போத்தல் தண்ணி குடிக்கிற கொழும்பு ஆட்களுக்கும் காரை கட்டும்.

இறுகிய காரையைப் பிரஷ்ஷால் எடுக்க முடியாது. ஊசியாலும் பிளேட்டாலும் வீட்டில் சுரண்டுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். முரசு கிழியும், காரையின் அடிப்பாகம் உள்ளேயே இருக்கும்.

அப்ப பிள்ளையின்ர பல்லில இருக்கிற மண்ணிறக் கறை? அது தண்ணியால எண்டு பள்ளிக்கூடத்தில சொன்னவை.

அது வேறு கதை, அங்கே தண்ணீர்தான் காரணமாக இருக்கலாம். வவுனியா உட்பட வரண்ட வலயத்தின் பல இடங்களில் நிலத்தடி நீரில் புளோரைட்டு அதிகம். பல்லு உள்ளே உருவாகிற வயதில், சுமார் எட்டு வயது வரை, அப்படிப்பட்ட தண்ணீரைத் தொடர்ந்து குடித்தால் பல்லில் வெள்ளைக் கோடும் மண்ணிறக் கறையும் வரும். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம், இலங்கைத் தரம் 1.0. கொதிக்க வைத்தால் புளோரைட்டு போகாது. ஆர்.ஓ. முறையில் (மெல்லிய சவ்வு வழியாக அழுத்தி) வடித்தால் குறையும்.

இந்தக் கறை முரசு நோயும் இல்லை, ஊத்தையும் இல்லை, தேய்த்துப் போகாது. இதைக் கண்டு பேஸ்ட்டை நிறுத்தவும் வேண்டாம். மூன்று வயதுக்குக் கீழே அரிசி மணியளவு, மூன்று முதல் ஆறு வயது வரை பட்டாணியளவு போட்டு, விழுங்காமல் துப்பப் பழக்குங்கள். பேஸ்ட் விளம்பரத்தில் பிரஷ் முழுக்கப் போடுகிறார்களே, அது பேஸ்ட் விற்பதற்கு.

எங்கட அப்பு உமிக்கரியும் வேப்பங்குச்சியும்தான். எண்பது வயசிலயும் முறுக்குக் கடிச்சவர். நீங்கள் பிரஷ், பேஸ்ட் எண்டு கதை சொல்லுறியள்!

அப்பு கடித்தது உண்மையாக இருக்கும். இதற்கு எங்கள் நாட்டிலேயே பதில் இருக்கிறது. மேலே சொன்ன அதே லோவும் குழுவினரும் 1970 தொடக்கம் 1985 வரை மலையகத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். தொடக்கத்தில் 480 ஆண்கள். பல்லுத் தீட்டுகிற பழக்கமோ பல் சிகிச்சையோ இல்லாதவர்கள். எல்லோருக்கும் வாய் நிறையக் காரை. ஆனால் 100இல் 11 பேருக்கு வருத்தம் முரசு வீக்கத்தோடு நின்றுவிட்டது, பல்லு அனேகமாக ஒன்றும் விழவில்லை. 81 பேருக்கு நடுத்தர வேகத்தில் எலும்பு கரைந்தது. மிச்ச 8 பேருக்கு மிக வேகமாக: 35 வயதில் 12 பல்லு இல்லை, 45 வயதில் ஒரு பல்லும் இல்லை.

அப்பு அந்த 11இல் ஒருவராக இருந்திருக்கலாம். நீங்கள் எதில் என்று பல்லு ஆடும்வரை தெரியாது. வேப்பங்குச்சியை நன்றாகச் சப்பி நாராக்கி மெல்லத் தேய்த்தால் படலம் ஓரளவு போகும், பாவிக்கத் தெரிந்தவர்களுக்கு அது குற்றமில்லை. பல்லிடுக்குக்கும் உட்பக்கத்துக்கும் அது எட்டாது. உமிக்கரி, செங்கல் தூள், சாம்பல் மூன்றும் உரஞ்சுகிற சாமான்கள். போர்க் காலத்தில், சாமான் வராத பொருளாதாரத் தடைக்குள் வேறு வழியில்லாமல் அவற்றில் பல்லு விளக்கி வளர்ந்த தலைமுறை எங்களுடையது. பலருக்குப் பல்லின் அடி தேய்ந்திருப்பதைப் பார்க்கலாம். இப்போது அந்த நெருக்கடி இல்லை.

பல்லுக்கு நடுவில சாப்பாடு சிக்குது. ஈர்க்குக் குத்தலாமோ?

ஈர்க்கால் ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில் குத்தக் குத்த முரசு கீழே இறங்கி இடைவெளி பெரிதாகும், பிறகு இன்னும் கூடச் சிக்கும். நெருக்கமான பல்லுக்கு நூல், அதாவது ஃபுளோஸ். இடைவெளி விழுந்த பல்லுக்குச் சின்னப் போத்தல் பிரஷ் மாதிரி ஒன்று வருகிறது, அது நல்லது. சின்னக் கடைகளில் இருக்காது. எங்களிடம் சொல்லி வைத்தால் எடுத்துத் தருவோம்.

திடீரென்று ஒரு இடத்தில் மட்டும் சிக்கத் தொடங்கினால் அங்கே சூத்தையோ பல்லு விலகலோ இருக்கும். காட்டுங்கள்.

வாய் மணக்குது எண்டு மனிசி சொல்லுறா. மௌத்வொஷ் ஒண்டு தாங்கோ, இல்லாட்டி உப்புத்தண்ணி காணுமோ?

மணத்துக்கு முரசுப் பள்ளத்தில் இருக்கிற கிருமியும் நாக்கின் பின்பக்கத்துப் படிவும்தான் வழமையான காரணம். நாக்கையும் வழியுங்கள், முரசைக் காட்டுங்கள். மௌத்வொஷ் மணத்தைக் கொஞ்ச நேரம் மறைக்கும். குளோர்ஹெக்சிடின் உள்ளது உண்மையிலேயே கிருமியைக் குறைக்கும், ஆனால் படலத்தின் மேலேதான் வேலை செய்யும், காரையை அசைக்காது. டொக்டர் சொன்னால் 10 மில்லிலீற்றர், ஒரு நிமிடம், நாளுக்கு இரண்டு தரம், இரண்டு கிழமையளவு. பல்லுத் தீட்டி அரை மணித்தியாலம் கழித்துக் கொப்பளியுங்கள், பேஸ்ட்டோடு சேர்ந்தால் அதன் வீரியம் குறையும். மாதக்கணக்காகப் பாவித்தால் பல்லு மண்ணிறமாகும், நாக்குச் சுவை மாறும்.

உப்புத்தண்ணி காசில்லாத நல்ல ஆறுதல். ஒரு கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணீருக்கு அரைத் தேக்கரண்டி. வீக்கத்துக்கும் பல்லுப் பிடுங்கின புண்ணுக்கும் (முதல் நாள் கழித்து) இதம். சிகிச்சைக்குப் பதில் அது ஆகாது. கராம்பு எண்ணெயை முரசில் நேரே வைத்து வெந்து போய் வந்தவர்களும் உண்டு.

உந்தக் கதையெல்லாம் இருக்கட்டும் தம்பி, போனமுறை தந்த அன்ரிபயோட்டிக்கைத் தாவன். அது குடிச்சா மூண்டு நாளில வத்தும்.

வற்றும். இரண்டு மாதத்தில் திரும்ப வரும். ஐயா, அம்மா, எல்லோருக்கும் இந்தக் கேள்விக்குத்தான் நான் கூட நேரம் செலவழிக்கிறேன். படலத்துக்குள்ளும் காரைக்குள்ளும் இருக்கிற கிருமி ஒரு பசைக்குள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரத்தத்தில் வருகிற மருந்து அங்கே சரியாகப் போய்ச் சேராது. வெளியே மிதந்து திரிகிறவை செத்து வீக்கம் வற்றும், கூடு அப்படியே இருக்கும். பல் வைத்தியர் சுரண்டி எடுக்காமல் இந்த வருத்தத்தை மாற்றுகிற குளிசை ஒன்றும் இல்லை.

அமொக்சிசிலினும் மெட்ரோனிடசோலும் டொக்டரின் துண்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்துகள். காய்ச்சலோடு முகம் வீங்கினால், சீழ் பரவினால், அல்லது சில கடுமையான முரசு நோய்களில் சுத்தம் செய்வதோடு சேர்த்து அவர்களே எழுதுவார்கள். நோ குறைந்ததும் பாதியில் நிறுத்தி மிச்சத்தை அலுமாரியில் வைத்து, பிறகு மருமகளுக்குக் கொடுக்கிற பழக்கத்தையும் விடுங்கள். இன்னொன்று: மெட்ரோனிடசோல் குடிக்கிற நாட்களிலும் முடிந்து இரண்டு மூன்று நாளுக்கும் சாராயம், கள்ளு வேண்டாம். சத்தியும் நெஞ்சுப் படபடப்பும் வரலாம்.

பல்லுக் கிளீன் பண்ணினா பல்லு ஆடத் தொடங்குமாம், பல்லுக்கு நடுவில ஓட்டை விழுமாம். உண்மையோ?

கிளீன் பண்ணுவதால் பல்லு ஆடாது. எலும்பு முதலே கரைந்திருக்கும், காரை பல்லுகளை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கும். காரையை எடுத்ததும் உள்ள நிலைமை வெளியே தெரியும். வீங்கியிருந்த முரசு வற்றுவதால் இடைவெளியும் தெரியும். சில கிழமைக்குக் கூசும், பிறகு குறையும். கூச்சத்துக்கென்று உள்ள பேஸ்ட்டைப் பாவிக்கலாம்.

செய்வது இதுதான். முதலில் மில்லிமீற்றர் அளவு குறித்த மெல்லிய கம்பியால் முரசுப் பள்ளத்தை அளப்பார்கள். 3 வரை சரி. 4, 5 என்றால் வருத்தம். 6 அல்லது அதற்கு மேல் என்றால் கஷ்டமான இடம். பிறகு காரையை மெஷினால் எடுப்பார்கள், ஆழமான இடத்தில் விறைப்பூசி போட்டு வேரையும் சுத்தம் செய்வார்கள். இரண்டு மூன்று மாதத்தில் திரும்ப அளந்து, குறையாத இடத்துக்கு மட்டும் முரசைத் திறந்து சுத்தம் செய்கிற சின்னச் சத்திரசிகிச்சை. அதற்குப் பிறகும் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருக்காப் போக வேண்டும். ஒருமுறை செய்துவிட்டு நாலு வருடம் போகாமல் விட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

வெத்திலை போட்டாப் பல்லு உறுதி எண்டுதானே பழைய ஆக்கள் சொன்னவை?

வெற்றிலைச் சாற்றுக் கறையின் மேல் காரை இலகுவாகக் கட்டும், சுண்ணாம்பு முரசை அரிக்கும், புகையிலையை அடக்கி வைக்கிற பக்கத்தில் முரசு இறங்கும். ஆனால் வெற்றிலை விஷயத்தில் முரசு எனக்கு இரண்டாம் கவலை. 2004இல் வெளியான அறிக்கையில், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் பாக்கையும், புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டையும்கூட, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதலாம் தொகுதியில் போட்டது. புகையிலை சேர்ந்தது அதற்கு முதலே அந்தத் தொகுதியில் இருக்கிறது. "நான் பொயிலை போடுறேல்ல, வெறும் பாக்குத்தான்" என்ற நிம்மதிக்கு இடமில்லை. இலங்கை ஆண்களுக்குக் கூட வருகிற புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் முன்வரிசையில் நிற்கிறது.

வயலில் அருவி வெட்டுக்கு நிற்கிறவர்கள், இரவுக் காவலுக்குப் போகிறவர்கள், லொறி ஓடுகிறவர்கள் களைப்புக்கும் நித்திரைக்கும் போடுகிறார்கள் என்பது தெரியும். உடனே விட முடியாதவர்கள் இதையாவது செய்யுங்கள்: மாதம் ஒருக்கா வாயைத் திறந்து கண்ணாடியில் பாருங்கள். தேய்த்தாலும் போகாத வெள்ளைத் தடிப்பு, சிவந்த தடிப்பு, இரண்டு கிழமையில் ஆறாத புண், உறைப்புப் பட்டதும் வாய் எரிவது, மூன்று விரலை நிமிர்த்தி வாய்க்குள் வைக்க முடியாமல் வாய் சுருங்குவது. இதில் ஒன்று இருந்தாலும் பல் வைத்தியரிடம் போங்கள்.

நான் நாளுக்குப் பத்துச் சிகரெட் பத்துவன் அண்ணை. எனக்கு ரத்தமே வாறேல்ல. அப்ப முரசு சுகம்தானே?

சிகரெட்டும் பீடியும் முரசின் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். உள்ளே எலும்பு கரைந்தாலும் வெளியே இரத்தம் வராது. உங்களுக்கு மணி அடிக்காமலே வருத்தம் போய்க்கொண்டிருக்கும். புகைப்பவர்களுக்கு இந்த நோய் கூடவும் வரும், சிகிச்சைக்கும் சரியாக ஆறாது. விட்டபிறகு சிலருக்கு முரசில் இரத்தம் தெரியத் தொடங்கும். அதைக் கண்டு பயந்து திரும்பப் பத்த வேண்டாம்.

எனக்குச் சீனி வருத்தம். முரசுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டு பக்கத்தாலும் சம்பந்தம். சீனி கட்டுப்படாவிட்டால் முரசு நோய் வேகமாகப் போகும், அடிக்கடி சீழ்க் கட்டி வரும். முரசில் தொடர்ந்து அழற்சி இருந்தால் சீனியும் இறங்க மறுக்கும். முரசு நோயைச் சரியாகச் சிகிச்சை செய்தவர்களுக்கு, மூன்று மாதச் சராசரி காட்டுகிற எச்.பி.ஏ.1சி அளவு மூன்று நாலு மாதத்தில் ஏறத்தாழ 0.4 குறைவதாக ஆய்வுகள் சொல்லுகின்றன. சின்ன எண் மாதிரித் தெரியும். இன்னொரு குளிசை கூட்ட வேண்டிய இடத்தில் நிற்கிறவருக்கு அது சின்னதில்லை.

பல் கிளினிக்குக்கு வெறும் வயிற்றோடு போகாதீர்கள். சாப்பிட்டு, வழமையான குளிசையைக் குடித்து, கிளினிக் கொப்பியையும் கொண்டு போங்கள்.

பிள்ளைத்தாச்சி நான். முரசு வீங்கி ரத்தம் வருது. பிள்ளை பிறந்தாப் பிறகு பாப்பம் எண்டு மாமி சொல்லுறா.

மாமியை எதிர்க்காமல் கிளினிக்கில் குடும்ப நல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள், பல் பரிசோதனைக்கு அவரே அனுப்புவார். கர்ப்ப காலத்து ஹோமோன் மாற்றத்தால், இருக்கிற கொஞ்சப் படலத்துக்கே முரசு கூட வீங்கும். சிலருக்குச் சிவந்த கட்டி ஒன்றும் வளரும். பயப்பட வேண்டாம், பெரும்பாலும் பிள்ளை பிறந்தபின் சுருங்கும். கிளீன் பண்ணுவது எந்த மாதத்திலும் ஆபத்தில்லை, நாலாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை கதிரையில் இருக்க வசதி. "ஒரு பிள்ளைக்கு ஒரு பல்லு" என்று சொல்லுவது வழக்கம், ஆனால் பிள்ளை தாயின் பல்லிலிருந்து கல்சியம் எடுப்பதில்லை.

சத்தி எடுத்தால் உடனே தீட்டாமல் தண்ணீரால் கொப்பளித்து, அரை மணித்தியாலம் கழித்துத் தீட்டுங்கள். நோக்குப் பரசிற்றமோல் தவிர வேறொன்றும் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

பிரஷருக்குக் குளிசை குடிக்கத் தொடங்கினாப் பிறகு முரசு பல்லை மூடி வளருது. உதுவும் ஊத்தையாலயோ?

பாதி அப்படி. நிபெடிபின், சிலருக்கு அம்லோடிபின், வலிப்புக்குக் கொடுக்கிற பெனிட்டோயின், சிறுநீரகம் மாற்றியவர்கள் குடிக்கிற சைக்ளோஸ்போரின் ஆகியவை முரசைத் தடிக்க வைக்கும். படலம் கூட இருந்தால் கூடத் தடிக்கும். குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள், பிரஷரும் வலிப்பும் முரசை விடப் பெரிய ஆபத்து. மருந்து எழுதிய டொக்டரிடம் சொல்லுங்கள், மாற்றக் கூடியதாக இருந்தால் மாற்றுவார்.

ஹாட்டுக்கு ரத்தம் கரையிற குளிசை போடுறன். கிளீன் பண்ணப் போக முதல் நிப்பாட்டவோ?

வேண்டாம். அஸ்பிரின், குளோபிடொக்ரெல், வோபரின் எதையும் நீங்களாக நிறுத்தினால் இரத்தம் உறைந்து குழாயை அடைக்கிற ஆபத்து, முரசு இரத்தத்தை விட மோசம். பல் வைத்தியரிடம் முதலே சொல்லுங்கள். வோபரின் என்றால் ஐ.என்.ஆர். (இரத்தம் உறைகிற வேகத்தைக் காட்டுகிற பரிசோதனை) பார்த்துவிட்டுச் செய்வார். மேலே குளிசைக் கேள்வியில் சொன்ன மெட்ரோனிடசோல் வோபரினோடு சேர்ந்தால் இரத்தம் கட்டுப்படாமல் போகலாம். தெரிந்தவர் வீட்டு மிச்சக் குளிசையைக் குடிக்க வேண்டாம் என்று நான் கத்துவது இதற்கும்தான். இதய வால்வு மாற்றியவர்களும் சொல்ல வேண்டும், அவர்களுக்குச் சிகிச்சைக்கு முதல் ஒரு மருந்து தேவைப்படும்.

ஆடுற பல்லை இறுக்கலாமோ, இல்லாட்டிப் பிடுங்கிறதுதானோ? மேல் பல்லுப் பிடுங்கினாக் கண் பார்வை குறையும் எண்டுகினம்.

கொஞ்சம் ஆடுகிற பல்லு, சுத்தம் செய்து வீக்கம் வற்றினால் தானாகவே ஓரளவு இறுகும். சிலதைப் பக்கத்துப் பல்லோடு சேர்த்துக் கட்டி வைப்பார்கள். மேலும் கீழுமாகவும் அசைகிற பல்லைக் காப்பாற்றுவது கஷ்டம், அதை வைத்திருந்தால் பக்கத்துப் பல்லின் எலும்பும் போகும். கண்ணுக்கும் பல்லுக்கும் தனித்தனி நரம்பு. பல்லுப் பிடுங்கினதால் பார்வை போகாது. பல்லுக் கொட்டுகிற வயதும் வெள்ளெழுத்து வருகிற வயதும் கிட்டக்கிட்ட வருவதால் வந்த கதை.

இருபது, இருபத்தைந்து வயதிலேயே முன்பல்லு விலகி ஆடினால் காத்திருக்க வேண்டாம். தேயிலைத் தோட்டத்து அந்த 8 பேரின் கதையை ஞாபகம் வைத்து, சகோதரங்களையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள், குடும்பத்தில் வருகிற தன்மை இதற்கு உண்டு.

எங்க போறது? காசு எவ்வளவு முடியும்?

அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் பல் சிகிச்சை இருக்கிறது, சில சின்ன ஆஸ்பத்திரிகளிலும் உண்டு. காலையில் வெள்ளனப் போய்த் துண்டு எடுங்கள். சனம் கூடினால் கிளீனிங்குக்குத் திகதி போட்டுத் தருவார்கள், அதைத் தவற விடாதீர்கள். "நோ இல்லைத்தானே, அடுத்த மாதம் போவம்" என்றுதான் பலரின் திகதி போகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடசாலைப் பற்சிகிச்சை நிலையங்கள் இருக்கின்றன. பெரிய சத்திரசிகிச்சை தேவைப்பட்டால் கடிதம் தந்து நிபுணரிடம் அனுப்புவார்கள்.

முரசில ரத்தம் வந்தா எப்ப உடன ஆஸ்பத்திரிக்கு ஓட வேணும்?

மாரி காலத்தில் காய்ச்சலோடு முரசில் இரத்தம் வந்தால் அது டெங்கின் எச்சரிக்கைக் குறி. அஸ்பிரின், ஐபுபுரொஃபென், டைக்ளோஃபெனக் எதுவும் கொடுக்காமல் உடனே கொண்டு போங்கள். வயலிலோ வளவிலோ பாம்பு தீண்டினபின் முரசில் இரத்தம் கசிந்தால் நஞ்சு இரத்தத்தை உறைய விடாமல் செய்கிறது என்று அர்த்தம். புடையன் கடியில் இது வரும். வாய் கொப்பளித்துப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை, 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடியுங்கள்.

தொடாமலே இரத்தம் வழிவது, உடம்பில் காரணமில்லாத நீலக் கண்டல், களைப்பு, முரசு திடீரென்று உப்புவது சேர்ந்து வந்தால் இரத்தப் பரிசோதனை வேண்டும். முகம் வீங்கி, வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்செடுக்கவோ கஷ்டமானால் அது இரவானாலும் அவசரம்.

எனக்குத்தான் ஒரு பல்லும் இல்லையே மகன், கட்டுப்பல்லுத்தான். இனி முரசைப் பாக்கத் தேவையில்லைத்தானே?

தேவை, அம்மா. கட்டுப்பல்லை இரவில் கழற்றி, பிரஷ்ஷும் சவர்க்காரமும் போட்டுக் கழுவி, தண்ணீரில் போட்டு வையுங்கள். சுடுதண்ணி வேண்டாம், வளையும். கழற்றாமல் படுத்தால் மேலண்ணம் சிவந்து பூஞ்சணம் பிடிக்கும். முரசை விரலில் சுற்றிய ஈரத் துணியால் துடையுங்கள். எலும்பு கரையக் கரையக் கட்டுப்பல்லு தளரும், தளர்ந்தது உரஞ்சிப் புண்ணாகும். இரண்டு கிழமை கழற்றி வைத்தும் ஆறாத புண்ணைப் பல் வைத்தியரிடம் காட்டுங்கள், வெற்றிலை போடுகிறவரென்றால் கட்டாயம்.